கூரையில் பனி ஏறிவிட்டது, என்ன செய்வது? கனடாவில் வீடும் கடையும் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் ஒரு பெரிய பனிப்பொழிவு முடிந்த மறுநாள் காலை, நம் வீடுகளில் டிரைவ்வேயை வழித்து முடித்ததும் எல்லாரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பது கூரையைத்தான். "அதையும் வழிக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்பார். "ஏணியை எடு" என்று இன்னொருவர் சொல்வார். ஊரில் ஓட்டுக் கூரையும் கிடுகுக் கூரையும் மழைக்கும் வெயிலுக்கும் போட்டவை. கூரை மேல் டன் கணக்கில் பாரம் வந்து உட்காரும் என்பது நமக்குப் பழக்கமில்லாத கவலை. அதனால்தான் ஒன்று அளவுக்கு மீறிப் பயப்படுகிறோம், அல்லது துணிந்து ஏறிவிடுகிறோம். அந்த ஏணியை எடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கூரையில் பனி இருந்தால் கட்டாயம் அகற்ற வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளில் வேண்டியதில்லை. அனுமதி எடுத்துக் கட்டிய, சரிவான ஷிங்கிள் கூரை (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆணியடித்த தார்த் தகடுகள்) உள்ள வீடு அந்த ஊரின் வழக்கமான குளிர்காலத்தைத் தாங்கும்படிதான் கட்டப்படுகிறது. காற்று கொஞ்சத்தை அள்ளிக்கொண்டு போகும், வெயில் கொஞ்சத்தை உருக்கும், மிச்சம் தானாகச் சரியும். வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் கூரையில் கை வைக்காதீர்கள்.

அகற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய சமயங்கள் உண்டு. பல நாள் பனி உருகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, அதன் மேல் மழையும் பெய்தால் யோசியுங்கள். கூரையின் ஒரு பக்கத்தில் மட்டும் காற்று பனியைக் குவித்திருந்தாலும், கீழ் விளிம்பில் ஐஸ் கட்டித் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கினாலும் அப்படியே. கட்டடம் தட்டைக் கூரையுடன் இருந்தால் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

எத்தனை அடி பனி வந்தால் ஆபத்து?

அடிக்கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது. எடைதான் கணக்கு. உலர்ந்த புதுப் பனி 30 செ.மீ. உயரம் இருந்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோதான் வரும். அதே 30 செ.மீ., சில வாரம் கிடந்து இறுகிய பனி என்றால் 90 கிலோவை எட்டும். ஈரம் ஊறிய பனி 120 கிலோவையும் தாண்டலாம். முழு ஐஸ் என்றால் ஒரு செ.மீ. தடிப்புக்கே 9 கிலோ. 100 சதுர மீட்டர் கூரையில் 90 கிலோ வீதம் போட்டுப் பாருங்கள், 9 டன்.

இதில் பலருக்கும் தெரியாத வில்லங்கம் மழை. ஜனவரியில் திடீரென்று வெப்பநிலை ஏறி மழை பெய்தால், "நல்லது, பனி கரையும்" என்று நினைப்போம். ஆழமான பனி அந்த மழையைக் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். 25 மில்லிமீட்டர் மழை அப்படியே ஊறினால் சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடிவிடும். பனியின் உயரமோ குறைந்திருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் பாரம் குறைந்தது போலத்தான் தெரியும்.

வீட்டிலேயே ஓரளவு கணக்கிட ஒரு வழி இருக்கிறது. முற்றத்தில் யாரும் மிதிக்காத இடத்தில் 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு சதுரம் வெட்டி, தரை வரை உள்ள பனி முழுவதையும் ஒரு வாளியில் அள்ளி நிறுங்கள். வாளியின் எடையைக் கழித்துவிட்டு 11-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று தெரியும். 5 கிலோ வந்தால் 55, 9 கிலோ வந்தால் கிட்டத்தட்ட 100. கனடாவின் கட்டட விதிகளில் சாதாரண வீட்டுக் கூரைக்குக் குறைந்தபட்சமாக வைத்திருக்கும் பனிப் பாரம் 1 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. அதற்கு மேல் பாதுகாப்புக்கென்று தாங்குதிறன் சேர்த்துத்தான் கட்டுவார்கள் என்பதால் 100-ஐத் தொட்டதும் இடிந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. கவனிக்கத் தொடங்க வேண்டிய இடம் அது. தரையில் உள்ள எடை கூரையிலும் அப்படியே இருக்கும் என்றும் இல்லை. காற்று அள்ளிப்போன இடத்தில் குறைவாகவும் குவித்த இடத்தில் மிக அதிகமாகவும் இருக்கும்.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். ஒட்டாவாவுக்கு விதியில் போட்டிருக்கும் தரைப் பனிப் பாரம் ரொறன்ரோவுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே "ஒட்டாவாவில் என் மச்சான் வீட்டில் இதைவிடக் கூடப் பனி, ஒன்றும் ஆகவில்லை" என்பதை வைத்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள வீட்டுக்கு முடிவு சொல்லக்கூடாது.

விதிப்படி கட்டிய கட்டடம் எப்படி விழும்?

வீடு விழுவது அரிது. முதலில் போவது வீட்டுக்குப் பின்னால் அனுமதி இல்லாமல் நாமே போட்ட பின்முற்றக் கூரை, தகரக் கொட்டகை, கார் நிறுத்தும் பந்தல், கஸீபோ. கோடைக்கென்று வாங்கிய கஸீபோவின் துணிக் கூரையை நவம்பரில் கழற்றாமல் விட்டால் முதல் ஈரப் பனியிலேயே கால்கள் வளைந்துவிடும். இவற்றின் கீழ் நின்றுகொண்டு கம்பால் தட்டிப் பனியை விழுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். விழுவது பனியாக மட்டும் இருக்காது.

பெரிய உயிரிழப்புகள் நடந்தவை அகலமான கூரை உள்ள மண்டபங்களில். 2006 ஜனவரி 2-ஆம் தேதி ஜெர்மனியில் பாட் ரைஷன்ஹால் என்ற ஊரின் பனிச்சறுக்கு மண்டபக் கூரை விழுந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். அன்று மாலை மண்டபத்தை மூடிவிட்டுப் பனியை அகற்றலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். மூடுவதற்குச் சற்று முன்புதான் கூரை இடிந்து விழுந்தது. ஈரத்துக்குத் தாங்காத பசையால் ஒட்டிய மர உத்தரங்கள் பல வருடமாக உள்ளுக்குள் பலவீனப்பட்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. அதே மாதம் 28-ஆம் தேதி போலந்தில் கட்டோவிட்ஸே கண்காட்சி மண்டபம் பனிப் பாரத்தில் விழுந்து 65 பேர் போனார்கள். உள்ளே புறாக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நமக்குப் பக்கத்திலேயே, 2008 மார்ச்சில் கியூபெக்கின் மோரின் ஹைட்ஸில் ஒரு உணவுப் பொருள் நிறுவனத்தின் கூரை விழுந்து வேலை செய்துகொண்டிருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். அது கியூபெக்கில் மிகக் கூடுதலாகப் பனி விழுந்த குளிர்காலம்.

பனி மட்டும் தனியாக ஒரு கட்டடத்தை விழுத்துவது குறைவு. ஏற்கெனவே உள்ள ஒரு குறையைப் பனி வெளியே கொண்டுவரும். நனைந்து உக்கிய மரம், துருப்பிடித்த இணைப்பு, வரைபடத்தில் இல்லாமல் பிறகு ஏற்றிய பாரம் என்று அந்தக் குறை எதுவாகவும் இருக்கலாம்.

கூரை திணறுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் உள்ளே இருந்தே தெரியும். மேல்மாடியில் நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று சட்டத்தில் உரசுகிறதா? ஜன்னல் இறுகிவிட்டதா? சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் புது வெடிப்பு ஓடுகிறதா? சீலிங்கின் நடுப்பகுதி கீழே தொய்ந்து தெரிகிறதா? கடும் குளிர் இரவில் மரம் சுருங்கி ஒற்றை "டக்" சத்தம் வருவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். விட்டு விட்டு முறியும் சத்தமோ, முனகல் போன்ற சத்தமோ தொடர்ந்து வந்தால் அது வேறு.

கடைகளிலும் மண்டபங்களிலும் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. சீலிங் ஓடுகளுக்கு ஊடாக எட்டிப் பார்க்கும் தீயணைப்புத் தெளிப்பான்களின் தலைகளைப் பாருங்கள். ஓட்டோடு ஒட்டி இருக்க வேண்டிய தலை ஒரு இடத்தில் மட்டும் ஓட்டைக் கீழே தள்ளிக்கொண்டு இறங்கி நின்றால், அதன் குழாயைத் தாங்கும் கூரை அந்த இடத்தில் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். தினமும் கடை திறப்பவர் கண்ணில்தான் இது முதலில் படும். வேலைக்கு நிற்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அந்த அறிகுறி தெரிந்தால்?

எல்லாரும் வெளியே. உடனே. கோட்டும் சப்பாத்தும் போட நேரம் இருந்தால் போடுங்கள், வேறு எதையும் எடுக்க நிற்காதீர்கள். வெளியில் போய் 911-ஐ அழையுங்கள். ஒரு பொறியாளரோ தீயணைப்புப் படையோ பார்த்துச் சொல்லும் வரை யாரும் உள்ளே போகக்கூடாது. முக்கியமாக, அந்த நிலையில் உள்ள கூரை மேல் ஆளை ஏற்றிப் பனி வழிக்கக்கூடாது. தாங்காமல் நிற்கும் கூரைக்கு இரண்டு பேரின் எடையும் அவர்களின் நடையும் போதும்.

நானே ஏணி வைத்து ஏறி வழிக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

கூரையில் ஏறிப் பனி அள்ளுவதில் உலகத்தில் மிக அதிக அனுபவம் உள்ளவர்கள் ஜப்பானின் மேற்குக் கரைக்காரர்கள். நீகாத்தா, அக்கித்தா, யமகத்தா பகுதிகளில் பல மீட்டர் பனி விழும். கூரைப் பனியை இறக்குவது அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை. 2005-06 குளிர்காலத்தில் ஜப்பானில் பனி தொடர்பாக 152 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பனி அகற்றும் வேலையில் இருந்தவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள். சிறு வயதிலிருந்து அந்தக் கூரையில் ஏறி இறங்கியவர்களுக்கே இந்தக் கதி. அங்கே அரசு திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரைகள் இவை: தனியாக ஏறாதே, உடலில் கயிறு கட்டு, ஏணியைக் கட்டி நிறுத்து, கைபேசியைச் சட்டைப்பையில் வை.

நம் வீட்டுக் கூரையில் கயிறு கட்டவே இடம் கிடையாது. பனிக்கு அடியில் ஒரு மெல்லிய ஐஸ் படலம் இருப்பது மேலிருந்து தெரியாது. காலை வைத்ததும் பனியோடு சேர்ந்து ஆளும் வழுக்கி வருவார். ஏணியின் மேல் முனை ஐஸ் பிடித்த பீலியில் (கூரை விளிம்பில் தண்ணீர் வடியும் தொட்டியில்) சாய்ந்திருக்கும், கீழ் முனை உறைந்த சிமெந்தில் நிற்கும், இரண்டுமே வழுக்கும். ஒன்ராறியோவில் கட்டுமான வேலையாட்களுக்கு 3 மீட்டர் உயரத்துக்கு மேல் விழும் ஆபத்து இருந்தால் விழாமல் தடுக்கும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். இரண்டு மாடி வீட்டின் விளிம்பு அதைவிட உயரம். தினமும் அந்த வேலை செய்பவருக்கே அவ்வளவு பாதுகாப்பு தேவை என்றால், வருடத்துக்கு ஒருமுறை ஏறும் நமக்கு எவ்வளவு தேவை?

கூரையைத் திருத்தலாம், புதிதாகவும் போடலாம். முதுகெலும்பு அப்படி இல்லை. அப்பா, தாத்தா யாராவது "நான் ஊரில் தென்னை ஏறினவன்" என்று வெளிக்கிட்டால் தடுத்து நிறுத்துங்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் கீழே நின்று எப்படி அகற்றுவது?

ரூஃப் ரேக் என்று வன்பொருள் கடைகளில் கிடைக்கும். துண்டு துண்டாகப் பொருத்தி நீட்டும் கம்பு, முனையில் அகலமான தட்டு. ஆறு மீட்டர் வரை நீளும். தட்டுக்குக் கீழே சின்னச் சில்லுகளோ ரப்பர் முனையோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அது தட்டு ஷிங்கிளில் நேராக உரசாமல் காக்கும். நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். பெரிய பனி வந்த பிறகு கடையில் ஒன்று கூட இருக்காது.

நிற்கும் இடம்தான் முதல் விஷயம். இழுக்கும் பனி உங்களுக்கு முன்னால் விழ வேண்டும், தலையில் விழக்கூடாது. ஆகவே சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். முதலில் கீழ் விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு இழுங்கள். அது விழுந்ததும் கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே. எடுத்த எடுப்பில் கம்பை உயரத் தள்ளி நடுவிலிருந்து இழுத்தால் மேலே உள்ள முழுப் பாளமும் ஒரே தரத்தில் புறப்பட்டு வரும். எப்போதும் மேலிருந்து கீழாக, சரிவின் திசையிலேயே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஷிங்கிளின் ஓரம் தூக்கிக்கொள்ளும். குளிரில் ஷிங்கிள் இளக்கம் இழந்து எளிதில் வெடிக்கும். அதனால் அடி வரை சுரண்டாமல் ஐந்து செ.மீ. போலப் பனியை விட்டுவிடுங்கள்.

கூரை முழுவதையும் வழிக்க வேண்டியதில்லை. கீழ் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் வரை எடுத்தாலே ஐஸ் பிரச்சினை பெரும்பாலும் குறையும். பாரத்தைக் குறைப்பதற்காக அதிகம் எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு பக்கம் முழுதாகக் காலி, மறு பக்கம் முழுப் பாரம் என்றால் கூரைச் சட்டங்களுக்குத் தாங்க வேண்டிய முறையே மாறிவிடும். மேல் கூரைப் பனியைக் கராஜ் கூரை மேல் இறக்காதீர்கள். ரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்கவே கூடாது.

மின்கம்பி பக்கத்தில் இருக்கிறது. பிரச்சினையா?

ஆம். பெரும்பாலான ரேக் கம்புகள் அலுமினியம், மின்சாரம் பாயும். நிமிர்த்திப் பிடித்த ஆறு மீட்டர்க் கம்பு கொஞ்சம் சாய்ந்தால் போதும். கம்பு, ஏணி, ஷவல் எதுவும் மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் போகக்கூடாது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு இருக்கும் பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

கூரை விளிம்பில் தடித்த ஐஸ் கட்டி, சீலிங்கில் தண்ணீர் ஒழுகுகிறது. மழை இல்லாமல் எப்படி ஒழுகும்?

இது வீட்டின் உள்சூட்டால் வருவது. சமையல், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், குளியலறைச் சூடு எல்லாம் சீலிங் இடுக்குகள் வழியாக அட்டிக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளிக்குள், ஏறும். அட்டிக் சூடானால் கூரைத் தட்டு சூடாகி, பனியின் அடிப்பக்கம் உருகும். அந்தத் தண்ணீர் ஷிங்கிள் மேல் வழிந்து கீழே வரும். சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் விளிம்புக்குக் கீழே வீட்டுச் சூடு இல்லை, அங்கே வந்ததும் உறையும். நாளுக்கு நாள் அது உயர்ந்து ஒரு அணையாகிவிடும். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் பின்னோக்கி ஏறிச் சுவருக்குள் இறங்கும். ஷிங்கிள் என்பது மேலிருந்து வழியும் தண்ணீருக்கு மட்டும் போட்டது, தேங்கும் தண்ணீரைத் தடுக்க அதற்குத் தெரியாது.

பனி விழுந்த இரண்டு நாள் கழித்துத் தெருவில் நின்று வரிசையாக வீடுகளைப் பாருங்கள். பக்கத்து வீடுகளில் பனி சீராகக் கிடக்க, உங்கள் கூரையில் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுப்புத் தெரிந்தால் அந்தத் திட்டுகளுக்கு நேர் கீழேதான் சூடு கசிகிறது. நம் வீடுகளில் பல தடவை காரணம் குளியலறை விசிறிக் குழாய். அது கூரைக்கு வெளியே போக வேண்டும். கழன்றோ, தொடக்கத்திலேயே சரியாகப் பூட்டாமலோ அட்டிக்குள் நீராவியை ஊதிக்கொண்டிருக்கும். அட்டிக் கதவுக்கு ரப்பர் ஓரம் இல்லாததும், சீலிங் விளக்குகளைச் சுற்றியுள்ள ஓட்டைகளும் அடுத்த காரணங்கள். முதலில் ஓட்டைகளை அடைப்பது, பிறகு சூடு கசியாமல் தடுக்கும் இன்சுலேஷனைக் கூட்டுவது, காற்றோட்டத்தைச் சரிபார்ப்பது என்ற வரிசையில் செய்யுங்கள். ஒன்ராறியோவில் இப்போது கட்டும் வீடுகளின் அட்டிக்குக்கு ஆர்-60 அளவு இன்சுலேஷன் போடுகிறார்கள் (ஆர் எண் கூடினால் சூட்டைத் தடுக்கும் திறனும் கூடும்). முப்பது, நாற்பது வருடப் பழைய வீட்டில் அதில் பாதியளவுதான் இருக்கலாம்.

இன்சுலேஷன் போடும்போது விளிம்புக் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடக்கூடாது. சூடு கசியாமலும் வேண்டும், வெளிக்காற்று ஓடவும் வேண்டும்.

ஏற்கெனவே கட்டிய ஐஸை உப்புப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, சுத்தியலால் அடித்து எடுக்கலாமா?

மூன்றும் வேண்டாம். சாதாரண உப்பு பீலியையும் ஆணிகளையும் அரிக்கும், கீழே உள்ள செடிகளும் போய்விடும். சுடுதண்ணீர் அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் ஐஸாகும். சுத்தியலும் கோடாரியும் ஷிங்கிளைத்தான் உடைக்கும்.

அவசரத்துக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய நைலான் காலுறையில் கால்சியம் குளோரைடைக் கட்டி, ஐஸ் அணைக்குக் குறுக்காக, முனை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைக்க வேண்டும். ஐஸில் ஒரு கால்வாய் உருகித் தேங்கிய தண்ணீர் வெளியேறும். இதற்கும் ஏணி வேண்டியிருந்தால் விட்டுவிட்டு, நீராவியால் உருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். சீலிங்கில் தண்ணீர் சேர்ந்து பை போலத் தொங்கினால், கீழே வாளி வைத்து ஒரு சின்ன ஓட்டை போட்டு வடியவிடுங்கள். இல்லாவிட்டால் முழுப் பலகையும் விழும். அந்த இடத்தில் விளக்கு இருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

கடை, மண்டபம், கோயில் தட்டைக் கூரையுடன் இருக்கிறது. என்ன செய்வது?

இதில்தான் நம் சமூகம் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ரொறன்ரோ பெரும்பாகத்தில் நம்முடைய பல கோயில்களும் விழா மண்டபங்களும் தொழிற்பேட்டைக் கட்டடங்களில் இயங்குகின்றன. பொருள் அடுக்கி வைக்கக் கட்டிய இடத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கூடுகிறோம். தைப்பொங்கலும் தைப்பூசமும் சிவராத்திரியும் சரியாகப் பனிக்காலத்தில்தான் வருகின்றன.

தட்டைக் கூரையில் பனி தானாக வழியாது. பக்கத்து உயரமான சுவரை ஒட்டியும், கூரை மேல் உள்ள ஏசி இயந்திரங்களைச் சுற்றியும் காற்று பனியை மலையாகக் குவிக்கும். மற்ற இடத்தில் 20 செ.மீ. இருக்கும்போது அந்த மூலையில் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கலாம். வடிகால் துளை ஐஸால் அடைபட்டால் உருகிய தண்ணீர் அங்கேயே குளமாக நிற்கும்.

வழக்கமாக யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: கட்டியபோது இல்லாத எவற்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறோம்? மேடை விளக்குச் சட்டங்கள், அலங்கார விளக்குக் கொத்துகள், புதுச் சீலிங், மேலே புதிதாக ஏற்றிய ஏசி, பழைய கூரைப் படலத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்ட புதுப் படலம் என்று எல்லாமே பனிக்கென்று ஒதுக்கிய தாங்குதிறனைத் தின்னும். உரிமம் உள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கோடையில் ஒருமுறை கூப்பிட்டு, இந்தக் கூரை எவ்வளவு தாங்கும், எந்த அளவில் பனியை அகற்றத் தொடங்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். வாடகைக்கு இருந்தால் கட்டட உரிமையாளரிடம் அதைக் கேளுங்கள். நிர்வாக சபைகள் அலங்காரத்துக்குச் செலவழிப்பதில் சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

அகற்றும் வேலையைத் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். தொண்டர்களை ஏற்றாதீர்கள். வேலை நடக்கும்போது கீழே மண்டபம் காலியாக இருக்க வேண்டும். கூரையில் உள்ள கண்ணாடிச் சாளரங்களையும் வடிகால்களையும் பனி வருவதற்கு முன்பே உயரமான கம்பு நட்டு அடையாளப்படுத்துங்கள். பனிக்கடியில் மறைந்த கண்ணாடிச் சாளரத்தில் காலை வைத்தவர் நேராகக் கீழே மண்டபத்துக்குள் விழுவார். பனியைக் கூரையிலேயே ஒரு இடத்தில் குவிக்கக்கூடாது. அள்ளியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இறக்க வேண்டும். உலோக முனை ஷவல் கூரைப் படலத்தைக் கிழிக்கும், பிளாஸ்டிக் ஷவல் பயன்படுத்தி அடியில் சில செ.மீ. விட்டுவிட வேண்டும். இறக்கிய பனி அவசர வாசலை மூடாமல் ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும்.

ஆள் வைத்துச் செய்வதென்றால் என்ன கேட்க வேண்டும்?

மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா, ஒன்ராறியோ என்றால் தொழிலாளர் காப்புறுதிச் சபையின் சான்று இருக்கிறதா, உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களா, விழாமல் தடுக்கும் கயிறும் உடலில் மாட்டும் பட்டியும் கொண்டுவருவார்களா என்று கேளுங்கள். மலிவாக ஷவலோடு மட்டும் வரும் இரண்டு இளைஞர்கள் விழுந்தால், முதலில் அவர்கள் வாழ்க்கை, அடுத்து உங்கள் வீடு. அவர்களில் பலர் அண்மையில் வந்த மாணவர்கள், இந்த ஆபத்து அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாம் அவர்களை ஏற்றக்கூடாது.

வீட்டுக் காப்புறுதியைப் பொறுத்தவரை, பனிப் பாரத்தால் கூரை விழுவதைப் பல ஒப்பந்தங்கள் ஈடுசெய்யும். ஐஸ் அணையால் வரும் ஒழுக்கு, கொட்டகை, பந்தல் ஆகியவற்றில் வித்தியாசம் உண்டு. முகவரோடு முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். சேதம் நடந்தால் துப்புரவாக்கும் முன் படம் எடுங்கள்.

சோலார் தகடுகள் மேல் உள்ள பனி?

விட்டுவிடுங்கள். வழுவழுப்பான தகட்டிலிருந்து வெயில் பட்டதும் தானாகச் சரியும். ஒரே பாளமாக விழும் என்பதால் அதற்குக் கீழே வாசலோ பிள்ளைகள் விளையாடும் இடமோ இருந்தால் கயிறு கட்டி மறித்துவிடுங்கள். தகரக் கூரைக்கும் இதே எச்சரிக்கை.

இறக்கிய பனி எங்கே விழுகிறது என்பது முக்கியமா?

கூரையைப் போலவே முக்கியம். நவீன ஃபர்னஸின் காற்றை இழுக்கும் குழாயும் புகையை வெளிவிடும் குழாயும் வீட்டின் பக்கச் சுவரில், தரையிலிருந்து அதிக உயரமில்லாத இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்களாக நீட்டிக்கொண்டிருக்கும். கூரையிலிருந்து இழுத்த பனி அவற்றை மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகலாம், இன்னும் மோசமாக, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம். நிறமில்லை, மணமில்லை. 2008-ல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டாக்கில் எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகே 2013-ல் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் பற்றிய மாகாணச் சட்டம் வந்தது. ரேக் வேலை முடிந்ததும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி அந்தக் குழாய்களையும் துணி உலர்த்தியின் வாயையும் எரிவாயு மீட்டரையும் பாருங்கள். மீட்டரைச் சுற்றிக் கையால் மெதுவாக எடுங்கள், ஷவலால் இடிக்காதீர்கள்.

பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் இருந்தால் அவர்களின் வாசலும் ஜன்னலும் திறக்கும்படி இருக்க வேண்டும். தீ பிடித்தால் அவர்களுக்கு வெளியேற அந்த வழிதான் உண்டு. மேலே இருப்பவர் கூரையை வழித்து அவர்கள் படிக்கட்டை மூடிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

ஐஸ் ஈட்டிகள் தொங்குகின்றன. உடைக்கலாமா?

கீழே நின்று உடைக்காதீர்கள். வாசலுக்கு மேல் தொங்கினால் பக்கவாட்டில் தள்ளி நின்று நீண்ட கம்பால், நுனியிலிருந்து சிறிது சிறிதாக உடையுங்கள். பெரியவை என்றால் அந்த வழியை மூடி வேறு வாசலைப் பயன்படுத்துங்கள். பொது நடைபாதைக்கு மேல் தொங்குவதற்குக் கட்டட உரிமையாளரே பொறுப்பு.

கீழே நின்று செய்தாலும் நெஞ்சுவலி வரும் என்கிறார்களே?

உண்மைதான். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், 20 செ.மீ. பனி விழுந்த நாளுக்குப் பின் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனி இல்லாத நாளைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். கைகளை உயர்த்திச் செய்யும் வேலை இதயத்தை விரட்டும். ரூஃப் ரேக் முழுக்க முழுக்கத் தலைக்கு மேல் கை உயர்த்தும் வேலை. தெற்காசியர்களான நமக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது, நீரிழிவும் அதிகம். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், நாற்பத்தைந்து வயதைத் தாண்டி உடற்பயிற்சி இல்லாதவர்கள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள். செய்பவர்களும் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வெளிக்கிடாதீர்கள். பத்து நிமிடம் செய்துவிட்டு உள்ளே வந்து மூச்சு வாங்குங்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் "வாயு" என்று தள்ளிப்போடாமல் 911.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் என்ன செய்யலாம்?

அக்டோபரில் பீலிகளில் உள்ள இலைகளைத் துப்புரவாக்குங்கள், அல்லது ஆள் வைத்துச் செய்யுங்கள். கஸீபோத் துணியைக் கழற்றுங்கள். ஒரு டார்ச் லைட்டோடு அட்டிக் கதவைத் திறந்து பாருங்கள்: பலகையில் கறுப்புப் பூஞ்சை, ஆணி நுனிகளில் துரு, இன்சுலேஷனில் நனைந்த தடம் இருந்தால் சென்ற குளிர்காலத்தில் ஈரம் ஏறியிருக்கிறது. குளியலறை விசிறியை ஓடவிட்டு வெளியே கூரைத் துவாரத்தில் மூடி அசைகிறதா என்று கவனியுங்கள். ஷிங்கிள் மாற்றும் வருடம் என்றால், கூரை விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர் மேல் வரையும், வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டியும் ஒட்டும் நீர்த்தடுப்புப் படலம் போடுகிறார்களா என்று கூரை வேலைக்காரரிடம் கேளுங்கள். மூடிய பிறகு அதைப் பார்க்க முடியாது, போடும் அன்று வீட்டில் நின்று படம் எடுத்து வையுங்கள்.